மலைப்பக்கம் போகையில் தள்ளும் சைக்கிள்

புளியங்குடியிலிருந்து மேற்கே போனால் ஏற்றம், கிழக்கே போனால் இறக்கம். மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டங்களில் தொடங்கி சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் வரை தரை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகிறது. பஸ்ஸில் போகிறவருக்கு இது தெரியாது. சைக்கிள் மிதிக்கிறவரின் முழங்காலுக்கு முதல் அரைக் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். பேட்டரி சைக்கிளைப் பற்றி எழுதினால் இந்தச் சரிவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். கடைகளில் கிடைக்கும் வண்டிகளும் அவற்றைப் பற்றி வரும் விமர்சனங்களும் நகரத்துத் தார்ச்சாலையை மனதில் வைத்தவை. எங்களுக்கு அன்றாடம் வேண்டிய தூரம் வேறு. வீட்டிலிருந்து தோட்டத்துக்கு நாலைந்து கிலோமீட்டர். சிந்தாமணி, சொக்கம்பட்டி, வாசுதேவநல்லூர் என்று பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரு கல்யாண வீடு, ஒரு துட்டி வீடு, ஒரு பேங்க் வேலை. நடக்க அதிகம்; பெட்ரோல் வண்டியை எடுக்கக் குறைவு. அந்த இடைவெளிக்கு இந்தச் சைக்கிள் ஆகுமா என்பதுதான் கேள்வி.

சோதனைக்குப் பங்குனியையும் சித்திரையின் முன்பாதியையும் எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் வெளியே சுற்ற அதைவிட நல்ல காலம் இல்லை. பிசான அறுவடை முடிந்து வயல்கள் திறந்து கிடக்கும். சாலையோரப் புளிய மரங்களில் புளி உலுக்குவார்கள். வேம்பு பூத்துக் குளத்துக்கரை முழுக்க வாசம் வரும். பனையடியில் பதநீர் இறங்கும், கொஞ்ச நாளில் நுங்கும் வந்துவிடும். பங்குனி உத்திரத்துக்கு வெளியூரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடி வந்துவிடுவார்கள். அந்தக் கோயில்கள் பலவும் பஸ் போகாத குளக்கரையிலும் மலையடியிலும்தான் இருக்கின்றன. வண்டிக்காரனுக்கு வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு: காற்று இன்னும் எழும்பியிருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டிய வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வரும் பேட்டரி சைக்கிள்களை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் ஸ்டிக்கர்தான் மாறுகிறது. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. முன்னும் பின்னும் கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், ஏழு கியர், கைப்பிடியில் சின்னத் திரை, கட்டைவிரலால் அழுத்தும் திராட்டில். எடை இருபது கிலோவைத் தாண்டும். மோட்டாரின் திறன் 250 வாட் எல்லைக்குள் இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் அதன் உதவி நின்றுவிட்டால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். ஐரோப்பாவிலும் இதே 250 வாட், 25 கிலோமீட்டர் கணக்குத்தான்.

லைசென்ஸ் வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் பெரிய விஷயமாகிவிட்டது. வண்டி ஒன்று, ஓட்ட மூன்று பேர்: நான், அக்கா, எழுபதை நெருங்கும் பெரியப்பா. ஸ்கூட்டர் ஒருவர் பெயரில் இருந்து ஒருவர் கையிலேயே நின்றுவிடும். சைக்கிள் அப்படி நிற்பதில்லை. சீட்டு உயரத்தை நெம்புகோலைத் தளர்த்தி ஏற்றி இறக்கினால் அடுத்த ஆளுக்குத் தயார். விடியற்காலையில் பெரியப்பா தோட்டத்துக்கு, அவர் வந்த பிறகு அக்கா மார்க்கெட்டுக்கு, வெயில் தாழ்ந்ததும் நான் குளக்கரைப் பக்கம். ஒருவர் ஓட்டிவிட்டுச் சார்ஜ் போட மறந்தால் அடுத்தவர் கால் வலிக்க மிதிக்க வேண்டும் என்பதால், திரும்பி வந்ததும் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைப்பது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

முதலில் மோட்டாரின் குணம். 1993-ல் ஜப்பானின் யமஹா நிறுவனம் பாஸ் என்ற பெயரில் கொண்டுவந்த சைக்கிள், மிதிக்கிற கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து அதற்கேற்ப மோட்டாரைச் சுழல விட்டது. இன்று நம் கைக்கெட்டும் விலையில் உள்ளவற்றில் அந்த அளவி இல்லை. பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் காந்த உணரி ஒன்று உண்டு. அதனால் மிதிக்கத் தொடங்கி அரைச்சுற்று போன பிறகுதான் மோட்டார் விழிக்கும்; விழித்ததும் நாம் மெதுவாக மிதித்தாலும் அழுத்தி மிதித்தாலும் ஒரே அளவு தள்ளும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளிவிட்டுத்தான் ஓயும். நேரான தார்ச்சாலையில் இது தெரியாது. வாய்க்கால் பாலத்தில் திரும்பும்போதும், மணல் கிடக்கிற வண்டிப்பாதையிலும் தெரியும். அந்த இடங்களில் மோட்டாரின் உதவியை, இருப்பதிலேயே குறைவான ஒன்றாம் மட்டத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

பெரியப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏலே, நிக்கச் சொன்னா நிக்குமா இது? அதை மொதல்ல சொல்லு."

நிற்கிறது. பிரேக் பிடியிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. விரல் பட்டதும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். இந்த வகை வண்டியில் நான் மிக மதிக்கும் உறுப்பு அதுதான். வாங்கும்போது கடையில் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, திராட்டிலை அழுத்தியபடியே ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் சக்கரம் தளர வேண்டும். ஒன்றில் தளரவில்லை என்றாலும் அந்த வண்டி வேண்டாம்.

அக்கா பள்ளிக்கூடம் போன காலத்தில் சைக்கிள் ஓட்டியவள். கல்யாணத்தோடு விட்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த நாட்களில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். குவாரிக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் அவர்கள் தாங்களே ஓட்டிப் போனது அந்த மாவட்டத்தையே மாற்றியது. அதற்குப் பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் தமிழ்நாடு முழுக்க வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் படிப்பு முடிந்ததும் பெண்கள் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறார்கள். சுமையும் ஏற்றமும் வெயிலும் சேர்ந்தால் முப்பத்தைந்து வயதுக்கு மேல் யாருக்கும் அது சிரமம்தான். இந்த வண்டியில் ஏறி சிந்தாமணிப் பக்கம் மேற்கே போய்விட்டு வந்த அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, மேட்டுல ஏறையில யாரோ பின்னால கை வச்சுத் தள்ளுதாப்புல இருக்குடா. மூச்சு வாங்கல." அதன் பிறகு மார்க்கெட்டுக்குப் போக அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. இந்த வண்டிக்கு மதிப்பெண் போடச் சொன்னால், அதில் பாதி அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

36-ஐ 7.8-ஆல் பெருக்கினால் சுமார் 280 வாட்-மணி. பேட்டரி என்ற தொட்டியில் இருப்பது அவ்வளவுதான், மூன்றில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு முழு சார்ஜுக்கு இரண்டு ரூபாய் ஆகாது. மிதிக்காமல் திராட்டிலிலேயே போனால் 25 கிலோமீட்டரை ஒட்டி மூச்சு நின்றுவிடுகிறது. நடு மட்ட உதவியில் நாமும் மிதித்துப் போனால், பங்குனிக் காலையில் 40 கிலோமீட்டர் வருகிறது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் இதைவிடப் பெரியது; அது ஒன்றாம் மட்டத்தில், மெலிந்த ஆள், சமதரை என்ற கணக்கு.

ஏற்றம் நிறையத் தின்னும் என்று நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஆளும் வண்டியுமாக 100 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க 27 வாட்-மணிதான் வேண்டும். மோட்டாரின் இழப்பைச் சேர்த்தாலும் பேட்டரியில் எட்டில் ஒரு பங்கு. உண்மையான செலவு காற்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே அதே வேகத்தில் காற்று அடித்தால், உடம்பின் மேல் மோதும் காற்றின் வேகம் இரட்டிக்கிறது. அதைத் தள்ளிப் போக வேண்டிய விசை நான்கு மடங்காகிறது. தென்காசிக் கோயில் கோபுர வாசலில் நின்றவர்கள் அந்தக் காற்றை அறிவார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே கேரளத்திலிருந்து புகுந்து, குற்றாலத்துக்குச் சாரலைத் தந்துவிட்டு, சுரண்டை, சங்கரன்கோவில், கயத்தாறு வரை காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்று அது. வைகாசி கடைசியில் எழும்பி ஆடி, ஆவணியில் உச்சத்துக்குப் போகும்.

ஆகவே பங்குனியில் ஓட்டிப் பார்த்துக் கிடைக்கும் 40 கிலோமீட்டர் பங்குனிக்கான எண். ஆனி, ஆடியில் மேற்கே முகம் வைத்துப் போனால் பாதிகூட மிஞ்சாது. திரும்பி வரும்போது காற்றே கொண்டுவந்துவிடும் என்பதால் கணக்கு ஒருவழியாகச் சரியாகும், ஆனால் கடையில் சொல்லும் எண்ணை நம்பி அந்த மாதத்தில் தென்காசிக்குக் கிளம்பக் கூடாது. இந்த ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது: தோட்டம் மேற்கே, வீடு கிழக்கே. மேடும் எதிர்காற்றும் போகும்போதே வந்துவிடும். பேட்டரி போதுமா என்பது பாதி வழியிலேயே தெரிந்துவிடும். வருகிற வழி இறக்கம். கிழக்கே சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். போகையில் சுகமாகப் போய்விட்டு, திரும்பும் பதினேழு பதினெட்டுக் கிலோமீட்டரும் ஏற வேண்டியிருக்கும்.

திரையில் காட்டும் பேட்டரிக் கோடுகளை ஏற்றத்தில் பார்த்துப் பயப்பட வேண்டாம். மோட்டார் அழுத்தி இழுக்கும்போது வோல்டேஜ் தாழ்ந்து இரண்டு கோடு காட்டும். நின்று ஒரு பதநீர் குடித்துவிட்டுப் பார்த்தால் மூன்றாகியிருக்கும். சமதரையில் நின்று பார்ப்பதே சரியான அளவு.

ஓட்டிய வழிகளில் எனக்குப் பிடித்தது நெற்கட்டும்செவல் போகும் கிராமச் சாலை. 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வரி தர மறுத்து நின்ற பூலித்தேவரின் ஊர். நாங்கள் இரண்டு சைக்கிளில் போனோம். பேட்டரி வண்டியில் அக்கா, சாதா சைக்கிளில் நான். துணையாகப் போகிறவர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. இரண்டாம் மட்டத்தில் அந்த வண்டி தானாக 18, 20 என்று போய்விடும். கூட வருகிறவர் நாக்குத் தள்ள மிதிக்க வேண்டும். ஒன்றாம் மட்டத்தில் வைத்தால் பேசிக்கொண்டே போகும் வேகம் கிடைக்கிறது. மோட்டார் சத்தம் ஒரு மெல்லிய முனகல்தான். தார் நிரவலாக இருந்தால் அதுவும் கேட்காது. வயலில் மயில் அகவுவது, களத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது, குளத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரில் கொக்கு இறங்குவது எல்லாம் கேட்டுக்கொண்டே, பார்த்துக்கொண்டே போகலாம். எதிரே வருகிறவர்கள் நிறுத்தி விசாரிப்பார்கள். "மிதிக்கவும் செய்தீய, கரண்டும் வேணுமாக்கும்?" என்று கேட்ட பெரியவரை ஏற்றி ஒரு சுற்று விட்டோம். இறங்கும்போது விலை கேட்டார்.

தேசிய நெடுஞ்சாலை 744-க்கு மட்டும் இந்த வண்டியைக் கொண்டுபோகச் சொல்ல மாட்டேன். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் அந்தச் சாலைதான் எங்கள் ஊரின் நடுவே போகிறது. கேரளத்துக்குப் போகும் லாரிகள் உரசுகிற மாதிரி கடக்கையில் 25 கிலோமீட்டர் வேகம் இரண்டுங்கெட்டான். கடையநல்லூர், தென்காசி என்றால் பஸ்ஸே நல்லது. மாலை மங்கிய பிறகு மலையடிவாரத் தோட்டப் பக்கமும் போக வேண்டாம். 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வன உயிரினச் சரணாலயம் தோட்டங்களுக்கு மேலேயே தொடங்குகிறது. யானை இறங்கும் வழி. சத்தமில்லாமல் போகும் வண்டிக்கு அங்கே அதுவே ஆபத்து, யானைக்கும் நமக்கும் ஒருவரை ஒருவர் முன்கூட்டித் தெரியாது.

இளவேனில் இந்த வண்டிக்கு இரண்டு தொல்லைகளைத் தருகிறது. ஒன்று வைக்கோல். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே போட்டுக் காயவைக்கிறார்கள். அதன் மேல் ஓட்டினால் பின்கியரின் சின்னப் பற்சக்கரங்களில் சுற்றிக்கொண்டு செயின் இறுகிவிடும். மோட்டாரோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். இறங்கி உருட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

மற்றது முள். நெருஞ்சி காய்ந்து முற்றியிருக்கும். சீமைக்கருவேல முள் எப்போதும் இருக்கும். பின்சக்கரத்தில் மோட்டார் இருப்பதால் பஞ்சர் ஒட்ட முடியாது என்று பலர் பயப்படுகிறார்கள். பஞ்சர்க் கடை அண்ணன் என் பயத்தைத் தீர்த்துவைத்தார். நம் ஊரில் சக்கரத்தைக் கழற்றாமலேதானே ஒட்டுவார்கள்? டயரை நெம்பி, டியூபை ஒரு பக்கமாக உருவி, தண்ணீரில் வைத்துப் பார்த்து, ஒட்டிக் கொடுத்துவிட்டார். "ஒட்டுததுக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. டியூபே மாத்தணும்னாத்தான், கரண்டு வயரைக் கழத்திக்கிட்டு வாங்க" என்றார். அந்த வயரின் இணைப்பு எங்கே இருக்கிறது, எப்படி உருவுவது என்று வாங்கும் அன்றே கடைக்காரரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அச்சு நட்டுக்கு ஏற்ற ஸ்பானர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் இங்கே கட்டாயம் வேண்டும்.

தயாரிப்பாளர்கள் மீது எனக்கு வருத்தம் இருப்பது மோட்டாரிலோ பேட்டரியிலோ இல்லை. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த எலுமிச்சை விளையும் தோட்டத்துக்குப் போகிற ஒருவருக்கு இந்த வண்டியில் கேரியர் இல்லை. மட்கார்டு என்று பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. செயின் கவர் இல்லாததால் வேட்டியும் சேலையும் மாட்டும். இரட்டைக்கால் ஸ்டாண்டுக்குப் பதில் ஒற்றைக்கால். சுமையோடு நிறுத்தினால் மண்ணில் புதைந்து சாயும். முன்விளக்கு எதிரே வருகிறவருக்கு நம்மைக் காட்டும், நமக்குச் சாலையைக் காட்டாது. ஐம்பது வருடமாக நம் ஊர் சாதா சைக்கிளில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோட்டாரை வைத்திருக்கிறார்கள். நாங்கள் வெல்டிங் பட்டறையில் கேரியரும் செயின் கவரும் அடித்து மாட்டினோம். பத்துப் பதினைந்து கிலோ எலுமிச்சைப் பை தாராளமாக வருகிறது. மூட்டை ஏற்ற வேண்டாம். ஆளோடு சேர்த்து நூறு கிலோவை ஒட்டித்தான் இந்தச் சட்டத்தின் தாங்குதிறன். சேலை, வேட்டி கட்டுகிறவர்கள் குறுக்குக் கம்பி தாழ்ந்த சட்டத்தையே கேட்டு வாங்குங்கள். பகிர்ந்து ஓட்டும் வீட்டுக்கு அது ஒன்றுதான் பொருந்தும்.

பேட்டரி விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். சைக்கிள் பேட்டரி சின்னது. உள்ளே இருப்பது அதே லித்தியம்தான். வெயிலில் ஓட்டிவிட்டு வந்ததும் சார்ஜரில் போடாமல், தொட்டால் சூடு இல்லாத அளவுக்கு ஆற விடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை மதியத்தில் தகர ஷெட்டுக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். தரையில், காற்றோட்டத்தில், மெத்தைக்கும் வாசல் வழிக்கும் தள்ளி வைத்து, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். அதனுடன் வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் சொருக வேண்டாம்.

வாங்கலாமா? தினமும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் வாங்க வேண்டாம். அவருக்கு மின் ஸ்கூட்டர்தான் சரி. தோட்டம், மார்க்கெட், கோயில், பக்கத்து ஊர் என்று இருக்கிற வீட்டில் மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவதானால் தயங்காமல் வாங்கலாம். இரண்டு விஷயத்தை முன்பே கேட்டுவிடுங்கள். சில வருடங்கள் போய்ப் பேட்டரி தளர்ந்தால் புதியது என்ன விலை, எங்கே கிடைக்கும்? மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் கெட்டால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, இங்கேயே ஆள் வருவாரா? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு வண்டியை, கடைத்தெருவில் ஒரு சுற்று விட்டுப் பார்க்காமல், பின்னால் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு சிந்தாமணி தாண்டி மேற்கே ஓட்டிப் பாருங்கள். வீட்டில் யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையும் கூட்டிப் போய் அவர் கையிலும் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.